விழா நாளும் விற்பனை நாளும்

விழாவும் அங்காடியும் நெடுங்காலத் தோழமை உடையவை. புகார் நகரத்து இந்திரவிழா 28 நாள் நடைபெற்றதாக நம் இரட்டைக் காப்பியங்கள் கூறுகின்றன. அவ்விழாவுக்கென ஒரு காதையையே வகுத்த இளங்கோவடிகள், மருவூர்ப்பாக்கத்தில் நறுமணப் பொருள் விற்றோரையும், தானியம் குவித்தோரையும், பிட்டும் அப்பமும் விற்றோரையும் மறவாமல் அக்காதையில் வைத்துக் காட்டுகின்றார். மதுரைக்காஞ்சியோ மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கின்றது. மக்கள் கூடும் இடத்தை நாடி வணிகன் வருதல் இயற்கை. பத்துமலைத் தைப்பூசத்திற்குச் சென்றவர் எவரும், மலையடிவாரத்தில் வளையலும் பாத்திரமும் பலகாரமும் விற்கும் கடைகளைக் காணாமல் திரும்புவதில்லை. அக்கடைகள் இல்லையேல் திருவிழாவில் ஏதோ குறைந்துவிட்டதாகவே குழந்தைகள் எண்ணுவர்.

ஆயினும், கடந்த 150 ஆண்டுகளில் இத்தோழமையின் தன்மை பெரிதும் மாறியுள்ளது. முன்னாளில் விழா முன்னே சென்றது. கடை அதன் பின்னே சென்றது. பின்னாளில் கடை முன்னே நடக்கவும், விழா அதன் பின்னே செல்லவும் கண்டோம். விற்பனைக்காகவே ஒரு விழாவின் நாள் மாற்றப்பட்டதுண்டு. விற்பனைக்காகவே புதிய விழா படைக்கப்பட்டதுண்டு. ஒரு மகள் தன் தாயின் நினைவுக்கென உருவாக்கிய நாள் அவள் கையைவிட்டு நழுவி வணிகர் கைக்குப் போனதும் உண்டு. இவ்வரலாற்றை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில், அந்நாள்களுட் பல இன்று நம் பள்ளி நாள்காட்டியிலும் இடம்பெற்றுவிட்டன.

ஓர் அன்னையும் ஒரு மகளும்

அமெரிக்க நாட்டின் மேற்கு விர்ஜீனியா மாநிலத்தில் கிராப்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் சுற்றுவட்டாரத்தில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்னும் அம்மையார் வாழ்ந்தார். தாம் பெற்ற மக்களுள் பலரை இளமையிலேயே நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அத்துயரத்தை நெஞ்சில் பூட்டி வைத்துக்கொண்டு மூலையில் அமர்ந்துவிடாமல், 1858-ஆம் ஆண்டு முதல் அன்னையர் பணிக் கழகங்களை அமைத்தார். குடிநீரையும் பாலையும் தூய்மையாக வைத்திருத்தல், நோயுற்ற ஏழைத் தாய்மாரின் வீட்டுக்கு உதவியாளரை அனுப்புதல், மருந்து வாங்கப் பொருள் திரட்டுதல் ஆகியவையே அக்கழகங்களின் பணிகள். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, இரு தரப்புப் படைவீரர்களுக்கும் வேறுபாடின்றித் தொண்டாற்றுமாறு அவர் தம் கழகத்தாரைப் பணித்தார்.

இவ்வம்மையார் 1905-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் மறைந்தார். அவருடைய மகள் அன்னா ஜார்விஸ். சில காலம் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். பின்னர்ப் பிலடெல்பியா நகரத்தில் ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தின் விளம்பரப் பகுதியில் பணிபுரிந்தவர். தாயின் நினைவாக ஒரு நாள் வேண்டும் என்று அவர் விரும்பினார். ஊர்த் தலைவர்களுக்கும், சமய குருமார்களுக்கும், அரசியலாருக்கும், வணிகர்களுக்கும் ஓயாது கடிதங்கள் எழுதினார். 1908-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், கிராப்டன் நகரத் தேவாலயத்தில் முதல் அன்னையர் தின வழிபாடு நடைபெற்றது. தம் தாய்க்கு மிகவும் பிடித்த வெண்ணிறக் கார்னேஷன் மலர்கள் 500-ஐ அன்னா அங்கு அனுப்பிவைத்தார்.

அதே நாளில் பிலடெல்பியாவிலும் ஒரு கூட்டம் நடைபெற்றது. அது நடைபெற்ற இடம் கோயிலும் அன்று, பள்ளியும் அன்று, வானமேக்கர் பேரங்காடியின் அரங்கம். அவ்வங்காடியின் உரிமையாளரான ஜான் வானமேக்கர், அமெரிக்க நாட்டின் அஞ்சல்துறைத் தலைவராக இருந்தவர், பெரும் வணிகர். அன்னாவின் முயற்சிக்கு ஊக்கம் அளித்தோருள் அவரும் ஒருவர். ஆகவே, அன்னையர் தினம் பிறந்த அன்றே அதன் தொட்டிலை ஆட்டிய கைகளுள் ஒன்று வணிகரின் கை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. வணிகம் பின்னர் வந்து புகுந்தது என்று கூறுவது வரலாற்றுக்கு முழுதும் பொருந்தாது.

அன்னாவின் முயற்சி விரைந்து பயன் தந்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக இந்நாளை ஏற்றன. 1914-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்ற, குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் மே மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை அன்னையர் தினமாக அறிவித்தார்.

இங்கு மொழியாசிரியர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இந்நாளின் பெயர் ஒருமையில் அமைய வேண்டும் என்பதில் அன்னா மிகவும் உறுதியாக இருந்தார். உலகத்துத் தாய்மார் அனைவரையும் ஒருங்கே வாழ்த்தும் நாளாக அன்றி, ஒவ்வொருவரும் தத்தம் தாயை மட்டும் நினைக்கும் நாளாக அது இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. தமிழில் நாம் 'அன்னையர் தினம்' என்று பன்மையில் வழங்குகின்றோம். அன்னா வேண்டியதை அப்படியே சொல்வதானால் 'அன்னை நாள்' என்றுதான் சொல்லுதல் வேண்டும். ஒரு விகுதியில் ஒரு பெண்ணின் நோக்கமே அடங்கியிருந்தது.

மலர் வணிகரும் மகளின் போராட்டமும்

வெண்மலர் ஒன்றைச் சட்டையில் சூடிக்கொள்வதே அன்னையர் தினத்தின் அடையாளமாயிற்று. நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரே நிற மலரை நாடியதால் அதன் விலை ஏறியது. போதிய மலரும் கிடைக்கவில்லை. அப்பொழுது மலர் வணிகர் ஒரு வழி கண்டனர். தாயை இழந்தோர் வெண்மலரும், தாய் உயிருடன் இருப்போர் வண்ண மலரும் சூடலாம் என்னும் வழக்கத்தைப் பரப்பினர். கேட்போருக்கு அது பழைய மரபுபோலத் தோன்றியது. உண்மையில் அது கையிருப்புப் பற்றாக்குறையைத் தீர்க்கப் பிறந்த மரபு. மரபு எனப்படுவது எங்ஙனம் பிறக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

மலர் வணிகரைத் தொடர்ந்து இனிப்பு வணிகரும் வாழ்த்து அட்டை அச்சிடுவோரும் வந்தனர். அன்னாவின் உள்ளம் கொதித்தது. அச்சிட்ட வாழ்த்து அட்டையில் பெயரை மட்டும் எழுதி அனுப்புவது, உலகில் எவரினும் மிகுதியாகத் தனக்கு உழைத்தவளுக்கு ஒரு கடிதம் எழுதவும் சோம்பியவன் செயல் என்று அவர் கண்டித்தார். 1912-இலேயே அன்னையர் தின அனைத்துலகச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்து, நாளின் பெயருக்கு உரிமையும் கோரியிருந்தார். அவ்வுரிமையைக் காட்டிப் பலரை வழக்குமன்றத்திற்கு இழுப்பதாக எச்சரித்தார். 1923-இல் பிலடெல்பியாவில் கூடிய இனிப்பு வணிகர் மாநாட்டினுள் புகுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். 1925-இல், நிதி திரட்டுவதற்காகக் கார்னேஷன் மலர் விற்ற போர்வீரர் அன்னையர் சங்கத்தின் மாநாட்டினுள் நுழைந்து முழக்கமிட்டார். அமைதியைக் குலைத்தார் என்று காவலர் அவரைக் கைது செய்தனர். 1934-இல் அன்னையரைப் போற்றி அமெரிக்க அரசு வெளியிட்ட அஞ்சல்தலையில், ஓவியர் விசுலர் வரைந்த தாயின் உருவத்தருகே மூல ஓவியத்தில் இல்லாத கார்னேஷன் மலர்ச்சாடி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. அதையும் அவர் பொறுக்கவில்லை.

தாம் கொண்டுவந்த நாளை ஒழிக்கவே அவர் இறுதியில் முயன்றார். திருமணம் செய்துகொள்ளாமல், தமக்கென மக்கள் இல்லாமல், கண் பார்வையும் குன்றி, கைப்பொருளும் இழந்து, 1948-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்துச் சிகிச்சை இல்லம் ஒன்றில் தம் 84-ஆம் வயதில் உயிர் நீத்தார். அந்நாளின் பெயரால் ஒரு காசும் அவர் ஈட்டியதில்லை. ஈட்டியவர் வேறு பலர்.

அன்னா ஏன் தோற்றார்? அவர் தம் நாளைச் சட்டத்தால் காக்க முயன்றார். ஆனால், ஒரு நாள் நாட்டுக்கு உரியதாக அறிவிக்கப்பட்டபின், அதை எங்ஙனம் கொண்டாடுவது என்பதை எவரும் ஆணையிட இயலாது. மேலும், ஏழை நோயாளிகளின் வீடுகளுக்கு ஆள் அனுப்பிய தாயின் தொண்டு அந்நாளில் தொடரவில்லை. மலர் ஒன்றே எஞ்சியது. செயலை அடையாளமாகக் கொண்ட விழாவை வணிகர் எளிதில் விற்க முடியாது. பொருளை அடையாளமாகக் கொண்ட விழாவை விற்பதோ எளிது.

தந்தையர் தினம் கண்ட வழி

அன்னையர் தினத்தின் அடியொற்றித் தந்தையர் தினம் வந்தது. வாசிங்டன் மாநிலத்துச் சுபோக்கேன் நகரில் வாழ்ந்த சொனோரா டோட் என்னும் அம்மையார், தாயின் மறைவுக்குப்பின் மக்களைத் தனியே வளர்த்த தம் தந்தையைப் போற்ற விரும்பினார். 1910-ஆம் ஆண்டு சூன் 19-இல் அந்நகரில் அந்நாள் கொண்டாடப்பட்டது. ஆயினும், அன்னையர் தினத்தைப் போல அது விரைந்து பரவவில்லை. கழுத்துப்பட்டை விற்பதற்கு வணிகர் செய்த சூழ்ச்சி என்று பலர் நகைத்தனர். 1930-களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் ஆடவர் ஆடை வணிகர் ஒரு மன்றமே அமைத்து, ஆண்டுதோறும் அந்நாளை விளம்பரப்படுத்தினர். 1972-இல் குடியரசுத் தலைவர் நிக்சன் ஒப்பமிட்டபோதுதான் அது சட்டம் ஆயிற்று. அன்னையர் தினம் சட்ட ஏற்புப் பெற 6 ஆண்டு. தந்தையர் தினத்திற்கோ 62 ஆண்டு. அந்நெடிய இடைவெளியில் அது மறைந்துவிடாமல் காத்தவருள் ஆடை வணிகரும் அடங்குவர் என்பதை மறுக்க இயலாது.

நாள்காட்டியை நகர்த்திய கதை

விற்பனைக்காக ஒரு நாட்டின் பெருவிழாவே இடம் மாறியது 1939-இல். நன்றி நவிலும் நாள் அமெரிக்கரின் தலையாய குடும்ப விழா. 1863-இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழக்கிழமையை அதற்குரிய நாளாக அறிவித்தார். அடுத்து வந்தோரும் அவ்வழக்கத்தையே பின்பற்றினர். அவ்விழா முடிந்த பின்னரே கிறிஸ்துமஸ் விளம்பரங்களைத் தொடங்குதல் வணிகரிடையே எழுதப்படாத நெறியாக இருந்தது. 1924-இல் நியூயார்க்கின் மேசிஸ் பேரங்காடி, நன்றி நவிலும் நாளன்று தன் பணியாளர்களைக் கொண்டு பெரும் ஊர்வலம் ஒன்றை நடத்தி, கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தன் கடை வாயிலில் கொண்டுவந்து இறக்கியது. அன்று முதல் அவ்விழா கிறிஸ்துமஸ் விற்பனையின் வாயிற்படியாகவே மாறிவிட்டது.

1939-ஆம் ஆண்டு நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. கடைசி வியாழன் 30-ஆம் நாள். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு நாள்கள் குறைந்துபோயின. பொருளாதாரப் பெருமந்தத்தின் வடு இன்னும் ஆறாத காலம் அது. 1933-இலும் இதே நிலை ஏற்பட்டபோது வணிகர் முறையிட்டும், குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் இணங்கவில்லை. இம்முறை இணங்கினார். ஓகையோ மாநிலத்துப் பேரங்காடி உரிமையாளர் பிரெட் லாசரஸ் போன்றோர் இதற்கு வற்புறுத்தியோருள் முதன்மையானவர். விழா 23-ஆம் நாளுக்கு மாற்றப்பட்டது.

அறிவிப்பு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தது. நாள்காட்டிகள் முன்னரே அச்சாகிவிட்டன. பள்ளி விடுமுறைகளும் கல்லூரிக் காற்பந்து ஆட்டங்களும் முடிவாகிவிட்டன. ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் புதிய நாளையும், மீதிப் பாதி பழைய நாளையும் கொண்டாடின. டெக்சஸ் உள்ளிட்ட சில மாநிலங்கள் இரண்டையுமே கொண்டாடின. மாநில எல்லைக்கு இருபுறமும் வாழ்ந்த உறவினர் ஒன்றாக அமர்ந்து உண்ண இயலாமற் போயிற்று. உறவினர் ஒன்றுகூடுவதற்கென்றே ஏற்பட்ட விழா உறவினரைப் பிரித்தது.

இவ்வளவு குழப்பத்திற்கும் ஈடாகக் கிடைத்த பயன் யாது? விற்பனையில் குறிப்பிடத்தக்க உயர்வு ஏற்படவில்லை என்பது ஆய்வில் தெரியவந்தது. 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் ரூசுவெல்ட்டே அச்சோதனை பயன் தரவில்லை என்று ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு திசம்பர் 26-இல், நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையே நன்றி நவிலும் நாள் என்னும் சட்டம் ஒப்பம் பெற்றது. மக்கள் கிறிஸ்துமஸுக்குச் செலவிடும் பணம் அவர்கள் கையில் இருக்கும் ஊதியத்தைப் பொறுத்தது. கடை திறந்திருக்கும் நாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. இவ்வெளிய கணக்கை அறிய ஒரு நாடு மூன்று விழாக்களைக் குழப்பிக்கொள்ள நேர்ந்தது.

தாத்தாவும் துருவமானும்

மாணவர்க்கு இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கியைத் தந்தது கொக்கோ கோலா நிறுவனமே என்று பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். அது பிழை. தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் 1863 முதல் அத்தாத்தாவின் உருவத்தைப் பத்திரிகைகளில் வரைந்து வந்தார். சிவப்பு அங்கியும் கொக்கோ கோலா விளம்பரத்திற்கு முந்தியதே. குளிர்காலத்தில் குளிர்பானம் விற்பனையாகாத குறையைப் போக்க எண்ணிய அந்நிறுவனம், 1931 முதல் ஹேடன் சண்ட்புளோம் என்னும் ஓவியரைக் கொண்டு, சிரித்த முகமும் பருத்த உடலும் உடைய தாத்தாவை ஆண்டுதோறும் வரைவித்தது. படைத்தது நிறுவனம் அன்று. உலகெங்கும் ஒரே முகமாகப் பதித்தது நிறுவனம். வணிகத்தின் ஆற்றலைக் குறைத்தும் கூறலாகாது; மிகுத்தும் கூறலாகாது.

வணிகமே பெற்றெடுத்த பாத்திரமும் ஒன்று உண்டு. சிகாகோவின் மாண்ட்கோமரி வார்ட் நிறுவனம் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் குழந்தைகளுக்குச் சிறுநூல்களை விலைக்கு வாங்கி வழங்கி வந்தது. 1939-இல், செலவைக் குறைப்பதற்காகத் தன் பணியாளர் இராபர்ட் மே என்பவரையே ஒரு கதை எழுதப் பணித்தது. அவர் எழுதியதே சிவந்த மூக்குடைய ருடால்ப் என்னும் துருவமானின் கதை. அக்கதையை எழுதிக்கொண்டிருந்த நாளிலேயே அவர் மனைவி புற்றுநோயால் மறைந்தார். எழுதும் பணியிலிருந்து விடுவிக்க மேலாளர் முன்வந்தும், அவர் மறுத்து எழுதி முடித்தார். அவ்வாண்டில் 24 இலட்சம் படிகள் வழங்கப்பட்டன. 1947-இல் அந்நிறுவனம் நூலின் உரிமையை ஆசிரியருக்கே அளித்தது. விற்பனைக்காகப் பிறந்த கதையிலும் ஒரு மனிதரின் கண்ணீர் கலந்திருந்தது. ஒரு நிறுவனத்தின் பெருந்தன்மையும் கலந்திருந்தது. வணிகம் தொட்டதெல்லாம் பொய் என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கிழக்கே வந்த வழக்கம்

மேலைநாட்டு விழாவைக் கொணர்ந்து, தம் விருப்பம்போல் வடித்துக்கொண்டவர் சப்பானிய வணிகர். காதலர் தினத்திற்குச் சாக்லேட் பரிசளிக்கலாம் என்று கோபே நகரத்து மொரோசாப் நிறுவனம் 1936-இல் ஆங்கில நாளேடு ஒன்றில் விளம்பரம் செய்தது. 1958-இல் மேரி சாக்லேட் நிறுவனம் தோக்கியோப் பேரங்காடி ஒன்றில் காதலர் தின விற்பனை நடத்தியபோது விற்றவை மிகச் சிலவே. ஆயினும், முயற்சி தொடர்ந்தது. காலப்போக்கில், பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் வழங்கும் நாளாக அது அந்நாட்டில் நிலைபெற்றது. அலுவலகத்தில் உடன் பணிபுரியும் ஆடவர் அனைவருக்கும் கடமைக்காக வழங்கும் 'கிரி சோக்கோ' என்னும் வழக்கமும் தோன்றியது. பெற்றவர் திருப்பித் தருதல் முறையன்றோ? அதற்கெனத் தின்பண்டத் தொழிலோர் மார்ச் 14-ஐ 'வெள்ளை நாள்' என வகுத்தனர். 1980-இல் அது முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. இவ்வாறு ஒரு விற்பனை நாள் இரண்டாயிற்று. 2018-இல், கோடிவா என்னும் சாக்லேட் நிறுவனமே, கடமைக்காகச் சாக்லேட் வழங்குவதை நிறுத்துவோம் என்று சப்பானிய நாளேட்டில் விளம்பரம் செய்தது. விற்பவனே போதும் என்று சொல்லும் அளவுக்கு அவ்வழக்கம் சுமையாகியிருந்தது.

1974 முதல் கெண்டக்கி கோழி நிறுவனம் செய்த விளம்பரத்தால், கிறித்தவர் மிகக் குறைவாக உள்ள அந்நாட்டில் கிறிஸ்துமஸ் அன்று வறுத்த கோழி உண்பது பல குடும்பங்களின் வழக்கமாயிற்று.

சீன நாட்டில் நவம்பர் 11-ஆம் நாள், நான்கு ஒன்றுகள் தனித்து நிற்பதால், மணமாகாத இளைஞர் தமக்குள் விளையாட்டாகக் கொண்டாடிய நாள். 2009-இல் அலிபாபா நிறுவனம் அதனை மின்வணிகத் தள்ளுபடி நாளாக்கியது. முதலாண்டில் பங்கேற்றவை 27 வணிகப் பெயர்களே. 2019-இல் அந்நிறுவனம் அந்த ஒரே நாளில் 26,840 கோடி யுவான் மதிப்புள்ள வணிகம் நடந்ததாக அறிவித்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று மாணவர் பலர் இந்நாளை அறிவர். அதன் பின்னணியை அறிந்தவர் சிலரே.

நம் வீட்டு முற்றத்தில்

தமிழ் வணிகரும் இக்கலையில் பின்தங்கியவர் அல்லர். திருமணம் நிகழாத ஆடி மாதத்தில் துணிக்கடை வெறிச்சோடும். அக்குறையையே வாய்ப்பாக்கி, தமிழ்நாட்டு வணிகர் 'ஆடித் தள்ளுபடி' என்னும் புதிய பருவத்தை உண்டாக்கினர். மங்கலம் குறைந்ததாக எண்ணப்பட்ட மாதம், கடைவீதியில் மங்கல மாதமாயிற்று.

நம் நாட்டுத் தீபாவளியை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளானின் தெங்கு கிளானா சாலை, பினாங்கின் குட்டி இந்தியா ஆகிய இடங்களில் தீபாவளிச் சந்தை களைகட்டுவதை நாம் அறிவோம். அங்குக் கடை விரிக்கும் சிறு வணிகர் பலருக்கு ஆண்டின் வாழ்வே அச்சில வாரங்களில்தான் அடங்கியுள்ளது. அவர்களை நோக்கி விழாவைக் கெடுத்தீர் என்று கூறுவது அறமன்று. அதே வேளையில், விழாக் காலத்தில் விலை ஏறுவதைத் தடுக்க அரசு உச்சவரம்பு விலைகளை விதிப்பதும், 2011-ஆம் ஆண்டில் மிகை இலாபத்திற்கு எதிரான சட்டம் இயற்றியதும், விழாவின் பெயரால் வாங்குவோர் சுமை அடைவர் என்பதை உணர்ந்ததனாலேயே.

இலக்கிய அன்பர் மறக்கலாகாத செய்தி ஒன்றும் உண்டு. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனும், 1935 முதல் வெளிவரும் சிங்கப்பூர்த் தமிழ் முரசும், பின்வந்த ஏடுகளும் தீபாவளி மலர்களையும் பொங்கல் மலர்களையும் வெளியிட்டு வந்துள்ளன. பக்கத்துக்குப் பக்கம் துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை வாழ்த்துகள். அவற்றின் இடையே நம் எழுத்தாளரின் சிறுகதைகளும் கவிதைகளும் கட்டுரைகளும். அவ்விளம்பரப் பணம் இல்லையேல் அத்தடித்த மலர் வந்திராது. அம்மலர் இல்லையேல் இளம் எழுத்தாளர் பலருக்கு முதல் மேடை வாய்த்திராது. நகை வணிகர் வாழ்த்துக் கூறினார். நம் இலக்கியம் ஒரு பக்கம் பெற்றது. விழா விற்பனையின் நன்மைகளைக் கணக்கிடுவோர் இதையும் ஏட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

திரை இயக்குநர் யாஸ்மின் அகமது, 2009-இல் மறையும்வரை, பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காகப் பெருநாள் விளம்பரப் படங்களை உருவாக்கினார். அவற்றில் எண்ணெயின் விலையும் இல்லை, பெருமையும் இல்லை. பெற்றோர், பிள்ளைகள், பிற இனத்து நண்பர்கள் ஆகியோரின் வாழ்வே இருந்தது. மக்கள் அவற்றை விளம்பரமாக எண்ணாமல் விரும்பிப் பார்த்தனர். அதுவும் வணிகமே எனினும், விழாவிடமிருந்து எடுத்ததோடு விழாவுக்குச் சிறிது கொடுத்தும் சென்ற வணிகம் அது.

வகுப்பறையில் நாம் செய்யத்தக்கது

மே மாதம் வந்துவிட்டால் நம் பள்ளிகளில் இரு நாள்கள் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். 16-ஆம் நாள் ஆசிரியர் தினம். முன்னதன் வரலாற்றைக் கண்டோம். பின்னதோ, 1956-இல் ரசாக் கல்வி அறிக்கை கூட்டரசுச் சட்டமன்றத்தில் ஏற்கப்பட்ட நாளின் நினைவு. கல்வி பற்றிய அறிக்கை ஒன்றின் நினைவுநாள், இன்று பேனாவும் குவளையும் பரிசுக் கூடையும் விற்கும் நாளாகவும் ஆகியுள்ளது.

பரிசு கொண்டுவரும் மாணவனின் அன்பை எவரும் குறை கூற முடியாது. ஆனால், வகுப்பறையின் பின் வரிசையில் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மாணவனை நாம் பார்த்திருக்கின்றோமா? நான் பார்த்திருக்கின்றேன். தோழர் ஒவ்வொருவராக எழுந்து சென்று பரிசு தரும் அந்தப் பத்து நிமிடம் அவனுக்குப் பத்து ஆண்டு. அவன் ஆசிரியரிடம் கொண்ட அன்பு மற்றவரினும் குறைந்ததன்று. அவன் தந்தையின் ஊதியமே குறைவு. அன்பை விலையால் அளக்கும் பழக்கத்தைக் கடைவீதி கற்பிக்கலாம். பள்ளி கற்பிக்கலாகாது. இதனை விதியாக எழுதி ஒட்டுவதைவிட, கையெழுத்தில் ஒரு கடிதமே போதும் என்று ஆசிரியர் முன்னரே அன்புடன் கூறிவிடுதல் சிறந்தது. அன்னா ஜார்விஸ் தம் நாட்டு மக்களிடம் வேண்டியதும் அக்கடிதம் ஒன்றைத்தான்.

மேல்வகுப்பு மாணவர்க்கு இது நல்லதொரு வரலாற்றுப் பயிற்சியும் ஆகும். பழைய தீபாவளி மலர் ஒன்றைக் கொணர்ந்து, எந்தெந்தப் பொருளுக்கு விளம்பரம் உள்ளது, வாழ்த்துரை எத்தகைய தமிழில் உள்ளது என்று எண்ணச் சொல்லலாம். அதனை இன்றைய மலரோடு ஒப்பிடச் சொல்லலாம். நாள்காட்டியில் காணும் ஒவ்வொரு நாளைப் பற்றியும் மூன்று வினாக்களை எழுப்பலாம்: இந்நாளைத் தோற்றுவித்தவர் யார்? வளர்த்தவர் யார்? பயன் பெற்றவர் யார்? இம்மூன்றுக்கும் ஒரே விடை வந்தால், அது விற்பனை நாள் என்று மாணவனே உணர்ந்துகொள்வான். மூன்றும் வேறு வேறாயின், அங்கே ஒரு வரலாறு இருக்கின்றது என்று தேடத் தொடங்குவான்.

விழாக்களைத் துறந்து வாழ்வது மனித இயல்பன்று. வணிகமின்றி விழா நடத்துவதும் எளிதன்று. புகார் நகரத்தார் பிட்டு வாங்கி உண்டனர், விழாவும் கண்டனர். அவர்க்கு இரண்டும் வேறென்று தெரிந்திருந்தது. அத்தெளிவு நம் மாணவர்க்கும் இருக்குமாயின், தள்ளுபடித் தாள்கள் எத்தனை வீட்டுக்கு வந்தாலும் தீபாவளி தீபாவளியாகவே இருக்கும். அன்னைக்கு எழுதும் கடிதமும் நிற்காது.